படத்தில் செத்தவர்களுக்கு ஒரு பிடிமண்

வியாகுலம்மாள் மாமிக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஏதாவது ஓர் ஒழுங்கு இருந்தால் அல்லவா சொல்ல முடியும். திங்கட்கிழமை அரிவாள் பறக்கிற படத்தைப் பார்த்துவிட்டு வந்து "அருமையான படம்" என்பாள். அதே வாரத்தில் ஒரு கிழவனையும் ஒரு பூனையையும் தவிர ஆளே வராத மலையாளப் படத்துக்குப் போவாள். அதுவும் அருமையான படம்தான். பேய்ப்படம் என்றால் முன்வரிசை வேண்டும். குழந்தைகளுக்கான பொம்மைப் படத்தில் தாயைத் தொலைத்த முயலுக்காக, பஸ் ஊர் வந்து சேரும்வரை மூக்கைச் சிந்துவாள். கொரியாக்காரன் சீரியல், தெலுங்கு டப்பிங், விண்வெளிக்குப் போய்த் திரும்பி வராதவன் கதை, மத்தியானம் டிவியில் ஓடும் கறுப்பு வெள்ளை எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். சாளையும் நெய்மீனும் மீன்காரியின் ஒரே சருவத்தில் கிடப்பது போலக் கிடக்கும்.

"பிடிக்காத படம்னு ஒண்ணாவது உண்டுமா மாமி?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"கடல் படம் பிடிக்காது மக்கா. காத்து இந்தப் பக்கம் அடிக்கும், பாய் அந்தப் பக்கம் வீங்கும். எடுத்தவனுக்கு வெட்கமும் இல்ல, கேக்க ஆளும் இல்ல."

மாமி என் வீட்டுக்காரர் சிஜோவின் சின்னம்மை. சிஜோ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவருடைய அம்மா இறந்துவிட்டாள். அன்றிலிருந்து அவரைத் தூக்கி வளர்த்தது இவள்தான். சொந்தமாகப் பிள்ளை இல்லை. காலையில் இராஜாக்கமங்கலம் கடற்கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, நாகர்கோவில் தெருக்களில் விற்று, மத்தியானத்துக்குள் சருவத்தைக் காலியாக்கிவிடுவாள். அதை ஒரு டீக்கடையில் வைத்துவிட்டு, கைகால் முகம் கழுவி, எலுமிச்சைத் தோலைக் கையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு தியேட்டருக்குள் போவாள். அப்படியும் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எழுந்து தள்ளி உட்காருவார்கள். "நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கிடலாம்" என்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். அவளுக்கு வராது.

இதை எல்லாம் இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் படப் பைத்தியத்தால் என் மகளுக்கு ஞானத்தாயாக நிற்கிற பாக்கியம் மாமியின் கையை விட்டுப் போகப் பார்த்தது. அது அவளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தால்தான் இந்தக் கதை விளங்கும். சிஜோவை வளர்த்தவள் என்று ஊர் சொல்லும், ஆனால் அவருடைய அம்மா என்று ஒருவரும் சொன்னதில்லை. ஞானஸ்நானத்தில் நின்றால் கோயிலிலேயே ஒரு பிள்ளைக்குத் தாய் என்று அவள் பேரை வாசிப்பார்கள். நான் வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தபோதே மாமி வடசேரிக்குப் போய் வெள்ளைச் சேலை எடுத்து வைத்துவிட்டாள். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, லேஸ் வைத்த கவுன் என்று ஒவ்வொன்றாக வாங்கி, தினமும் எடுத்து மடித்து மறுபடி வைப்பாள். "ஏட்டி சிந்தியா, நான் நின்னா போதுமா, படிச்ச ஆளு யாரையாவது நிப்பாட்டணுமா?" என்று கேட்பாள். நான் திட்டுவேன். அந்தத் திட்டைக் கேட்பதற்காகவே மறுநாளும் கேட்பாள்.

இனி அவள் செய்துவந்த காரியம். எங்கள் கடற்கரையில் இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பது வழக்கம். வீட்டார் பங்குமனையில் போய்ப் பேர் கொடுப்பார்கள். பூசை தொடங்கும்போது "இன்னாரின் ஆன்மா இளைப்பாற" என்று சாமியார் வாசிப்பார். மாமி தன் வீட்டுக்காரர் சூசைக்கு வருஷந்தோறும் தவறாமல் வைப்பாள். அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் நடுநடுவே வேறு பேர்களும் கொடுத்துவந்தாள். பத்ரோஸ். மலைச்சாமி. லூர்துமணி. ஒரு தடவை கிம். இவர்கள் எல்லாரும் படத்தில் செத்தவர்கள்.

சிரிக்காதீர்கள். நான் வேண்டிய மட்டும் சிரித்து, திட்டி, தலையில் அடித்துக்கொண்டு ஓய்ந்தவள். அதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். கதாநாயகனுக்கு ஒருநாளும் பூசை கொடுக்கமாட்டாள். "அவன் செத்தா பாட்டு போடுவான், மழை பெய்யும், ஊரே அழும். நாம வேற எதுக்கு?" என்பாள். அவள் பேர் கொடுத்தது எல்லாம் ஓரத்தில் நின்று விழுந்தவர்களுக்கு. பத்ரோஸ் ஒரு பஸ் கண்டக்டர். முதல் பாதியிலேயே குண்டடிபட்டுப் படியில் சாய்ந்துவிடுவான், பஸ் அவனைத் தாண்டிப் போய்விடும். லூர்துமணி வில்லனுக்குக் கார் ஓட்டினவன். கிம் ஒரு ரயில் ஸ்டேஷன் வாட்ச்மேன். ஜாம்பி கடித்து அவனும் ஜாம்பியாகி, கடைசியில் யாரோ கதவைச் சாத்தியதில் போய்விட்டான். பேய் கழுத்தைத் திருகும்போது கடலை கொறித்துக்கொண்டு பார்ப்பவள், இப்படி ஒருத்தன் விழுந்து படம் அவனை விட்டுவிட்டு நகர்ந்தால், முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். படம் விட்டு வெளியே வந்ததும் முதல் கேள்வி, "அவனுக்குப் பேரு என்ன சொன்னான்?" என்பதுதான்.

பழைய பங்குச்சாமியாருக்கு வயதாகிவிட்டது. என்ன பேர் கொடுத்தாலும் வாசித்துவிட்டுப் போய்விடுவார். அவருக்குப் பிறகு ஃபாதர் ஷிபு வந்தார். மார்த்தாண்டம் பக்கத்து ஆள், ரப்பர் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவர். எங்கள் கடற்கரை வீடுகள் அவருக்குப் புதிது. சின்ன வயசு, எதையும் ஏனோதானோ என்று செய்யமாட்டார். பேர் வாசிக்கும்போது கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிறுத்துவார். கிம் என்ற பேர் வந்தபோதும் அப்படித்தான் நிறுத்தினார். வளைகுடாவில் நம் பிள்ளைகள் யாருடனாவது வேலை பார்த்தவனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம்.

நல்ல மனசுதான் வினையாய் முடிந்தது. கல்லறைத் திருநாள் வருவதற்கு முன்னால், அந்த வருஷம் பூசை வைத்த வீடுகளுக்கு எல்லாம் போய் ஆறுதல் சொல்லி ஜெபிக்கவேண்டும் என்று ஃபாதர் புறப்பட்டார். சாயங்காலம் கடற்கரையில் இறங்கி, வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் பத்ரோஸ் வீடு எது என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒருவரும் இல்லையே சாமி என்றார்கள். லூர்துமணி வீடு? அதுவும் இல்லை. இத்தனை சாவு நடந்த வீடுகளை ஊரே மறந்துவிட்டதே என்று அவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. வீடு வீடாக ஏறி இறங்கினார். கடைசியில் எங்கள் தெரு ராஜபாய் அக்காவிடம் வந்து நின்றார்.

ராஜபாய் அக்காவும் மீன் விற்கிறவள். மாமியோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "பத்ரோசா? அவன் படத்துல செத்தவன்லா சாமி" என்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்று இரவுக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் ஜாம்பி படத்தைப் போட்டு, "இவரின் ஆன்மா இளைப்பாற" என்று எழுதினார்கள். ஏலத்தில் நிற்கும்போது, "வியாகுலம், இந்த வாரம் யாரு மண்டையப் போட்டா?" என்று கேட்டார்கள். கேட்டவனின் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருப்பேன், இடுப்பில் பிள்ளை இருந்தது. மாமி மீனை எண்ணிச் சருவத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுக்க நான் போனபோது ஃபாதரின் முகம் சரியில்லை.

"ஞானத்தாயாட்டு வேற ஆளப் பாருங்க" என்றார்.

"ஏன் ஃபாதர்?"

"பூசைய விளையாட்டாட்டு நினைக்கிற ஆளு, பிள்ளைக்கு விசுவாசத்தச் சொல்லிக்குடுக்க எப்படி நிக்க முடியும்? நான் கண்ணை மூடி உண்மையாட்டு ஜெபிச்சேன். யாருக்குன்னு இப்பதான் தெரியுது."

அவர் குரல் உடைந்திருந்தது. கோபத்தைவிட, ஏமாந்துபோன வருத்தம்தான் அதில் இருந்தது. அது எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் என் வாய் சும்மா இருக்கவேண்டுமே. அவள் விளையாடுகிற ஆள் இல்லை என்றேன். அவள் நிற்காவிட்டால் பிள்ளைக்கு ஞானஸ்நானமே இப்போது வேண்டாம் என்றேன். அது என்ன பேச்சு என்று அவர் கேட்டார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமி அந்த வெள்ளைச் சேலையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "யாரு நிக்காளோ அவளுக்குக் குடு. புதுசுதான், கஞ்சி கூடப் போகல்ல" என்றாள். அடுப்படியில் போய் உட்கார்ந்து, கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சிஜோவைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் அவர் வளைகுடாவில், மீன்பிடி போட்டில் கடலுக்குள் இருந்தார். போன் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மாமியை டீக்கடை வாசலிலேயே போய்ப் பிடித்தேன். "படத்துக்குப் போகாண்டாம், பங்குமனைக்கு வாங்க" என்றேன். காலிச் சருவத்தை இடுக்கிக்கொண்டு, மறுபேச்சில்லாமல் கூட வந்தாள்.

ஃபாதர் வராந்தாவில் உட்காரச் சொன்னார். மாமி உட்காரவில்லை. சருவத்தைத் தூணோரம் வைத்துவிட்டு நின்றாள்.

"தப்புதான் ஃபாதர். உங்களச் சுத்திவிட்டது தப்பு. அத முதல்ல சொல்லிப்போடுதேன்."

ஃபாதர் கொஞ்சம் இறங்கிவந்தார். "ஏன் அம்மா அப்படிச் செஞ்சிய? நடிச்சவங்க எல்லாம் உயிரோடதான இருக்காங்க."

"தெரியும் ஃபாதர். ஷூட்டிங் முடிஞ்சதும் எந்திரிச்சு, தூசிய தட்டிட்டு வீட்டுக்குப் போவானுவ. எனக்குப் புத்தி ஒண்ணும் கெடல்ல."

பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்த ஒரு வீடியோ எங்கே இருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரியும். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அவளோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கொரோனா நேரத்தில் சூசை மாமா வளைகுடாவில் ஓர் அரபியின் போட்டில் வேலை பார்த்தார். அங்கேயே நோய் வந்து இறந்துபோனார். விமானம் இல்லை, உடலைக் கொண்டுவர வழியில்லை. கூட இருந்த நம் ஊர்ப் பிள்ளைகளையும் அறைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அடக்கத்தை யாரோ போனில் எடுத்து அனுப்பினார்கள். முகத்தை மூடிய ஆட்கள் பெட்டியைக் கயிற்றில் இறக்குவார்கள். காற்று இரையும். ஒரு ஜேசிபி வந்து மணலைத் தள்ளும். அவ்வளவுதான் படம்.

ஃபாதர் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க. இப்ப வருவான்" என்றாள் மாமி. "இந்தப் பிள்ளைதான். மிஷின் ஓட்டுனவன்."

எனக்கும் அந்த இடம் ஓர்மையில் இருந்தது. ஜேசிபி நிற்கும். மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் கீழே இறங்குவான். எந்த நாட்டுக்காரன், என்ன மதம் என்று ஒன்றும் தெரியாது. தலையில் இருந்ததைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வான். குனிந்து கை நிறைய மணல் அள்ளிக் குழிக்குள் போடுவான். முழங்கையால் கண்ணைத் துடைப்பான். மறுபடி மிஷினில் ஏறுவான். அதோடு முடிந்துவிடும்.

"பிடிமண் சொந்தக்காரங்கதான போடணும்" என்றாள் மாமி. "நான் நின்னிருந்தா முதல் பிடி எனக்க கையால விழுந்திருக்கும். நான் இங்க கெடந்தேன். எனக்குப் பதிலா அவன் போட்டான். அவ்வளவு பெரிய மிஷின் வச்சிருக்கவன் கையால எதுக்கு ஃபாதர் போடணும்?"

ஃபாதர் போனிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எனக்க ஆளையும் நான் இந்தக் கண்ணாடிக்குள்ளதான பாத்தேன். அதுக்குப் பிறகு கண்ணாடிக்குள்ள எவன் விழுந்தாலும் மனசு கேக்க மாட்டங்கு. அவனுக்கு ஒரு பிடிமண் போட ஆளில்லாம படம் அடுத்த சீனுக்குப் போயிருது. நான் எங்க போய் மண்ணப் போட? அதான் பூசைக்குப் பேரு குடுத்தேன். விளையாட்டில்ல ஃபாதர்."

ஃபாதர் ஷிபு வீடியோவை முதலிலிருந்து இன்னொரு முறை ஓடவிட்டார். அந்த மஞ்சள் சட்டைக்காரன் குனியும் இடத்தில் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு போனைத் தன் சட்டையில் துடைத்து மாமியின் கையில் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"படத்துல உள்ளவங்க பேர பூசையில வாசிக்க முடியாது அம்மா. அது முறையில்ல" என்றார். "இனி நீங்க குடுக்கும்போது, நினைக்க ஆளில்லாத ஆன்மாக்களுக்குன்னு குடுங்க. அவங்களுக்காகச் சபை எப்பவும் வேண்டுறதுதான்."

மாமி யோசித்தாள். "அதுல எல்லாரும் அடங்குமா?"

"யாருக்கெல்லாம்னு ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

"ஜாம்பியும் உண்டுமா ஃபாதர்?" என்றேன் நான்.

"நீங்க கொஞ்சம் வாய வச்சிட்டுச் சும்மா இருங்க" என்றார் ஃபாதர். பேனாவை எடுத்துக்கொண்டு மாமியைப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை நேரத்தே வந்துருங்க. ஞானத்தாய் பேரு வியாகுலம்மாள்தானே?"

மாமி அப்போதுதான் உட்கார்ந்தாள். தரையில், சருவத்தின் பக்கத்தில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

ஞானஸ்நானத்தன்று மாமி வெள்ளைச் சேலையில், ஊரில் யாருக்கும் பல்லைக் காட்டாமல், பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கையில் எலுமிச்சை வாசனை அடித்தது. சிஜோ கரைக்கு வந்திருந்தார். சூசை மாமா வேலை பார்த்த அதே துறைமுகத்தில் நின்றுகொண்டு வீடியோ காலில் பார்த்தார். நான் போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தேன், கை கடுத்தது. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டதற்கு, மாமி ஏலம் கூவுகிற சத்தத்தில் "விட்டுவிடுகிறேன்" என்றாள். பின்வரிசையில் சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். "ஜெஸ்மி" என்று பேர் சொல்லி ஃபாதர் தண்ணீர் ஊற்றினார், பிள்ளை வீறிட்டது.

பிறகு மன்றாட்டுகள் வந்தன. குழந்தைக்காக, பெற்றோருக்காக, ஞானத்தாய் வியாகுலம்மாளுக்காக என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த ஃபாதர், கடைசியில் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

"தூர தேசத்தில் நம் சகோதரர் சூசையின் குழியில் நமக்காகப் பிடிமண் போட்ட, பெயர் தெரியாத அந்த மகனுக்காக, அவர் எங்கிருந்தாலும் நலமாக இருக்க, ஆண்டவரை மன்றாடுவோம்."

ராஜபாய் அக்காதான் முதலில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றாள். பிறகு எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

மாமி பிள்ளையின் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். நிமிர்ந்தபோது என் கையில் இருந்த போன் கண்ணில் பட்டது. அதற்குள் சிஜோ தொப்பியைக் கழற்றிவிட்டு, சின்னப் பிள்ளைபோல் அழுதுகொண்டிருந்தார். அத்தனை வருஷமாகக் கண்ணாடிக்குள் அழுகிறவர்களைப் பார்த்து வந்தவள், பிள்ளையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"ஏலே, அழாத மக்கா. அம்ம இங்கதான நிக்கேன்" என்று சொல்லி, கட்டைவிரலால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

விரல் பட்டதில் வீடியோ கால் கட்டாகிவிட்டது. மாமி பதறிப்போய் என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல மாமி, கூப்பிடுவார்" என்றேன். பலிபீடத்தின் முன்னால் நாங்கள் இருவரும் அந்தக் கறுத்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். போன் மணி அடித்தது.